இருபத்து மூன்று உருப்படி

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நாலைந்து பேர் சேர்ந்து என்னைச் சினிமாவுக்கு அழைத்துப் போனீர்கள். பத்திரிகை அலுவலகத்தில் நடக்கிற கதை, உங்களுக்குப் பிடிக்கும் என்றீர்கள். பிடித்தது. வயிறு வலிக்கச் சிரித்தேன். ஆனால் படம் முழுக்க எல்லோரும் ஓடிக்கொண்டே இருந்தார்கள். பேச வேண்டிய இடத்தில் எல்லாம் கத்தினார்கள். கடைசியில் ஆசிரியர் மேசைமேல் ஏறி நின்றுகொண்டு, மெஷினை நிறுத்து என்று கூவினார். வெளியே வந்ததும், நிருபராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண், "உங்க காலத்துல யாராவது இப்படி மெஷினை நிறுத்தியிருக்காங்களா சார்?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அது பொய் என்று உறைத்தது. ஒரு முறை நிறுத்தினார்கள். நிறுத்தியவர் கூவவில்லை, அன்றைக்கு அவரால் வாயைச் சரியாகத் திறக்கவே முடியவில்லை. நிறுத்த வேண்டி வந்தது என்னால். அதனால்தான் வாயில் இல்லை என்று வந்ததோ என்னவோ. இப்போது சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். வேலூரில் ஒரு மாலைப் பத்திரிகையில் உதவி ஆசிரியராகச் சேர்ந்து எனக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது. மாலைப் பத்திரிகை என்றால் பகல் ஒரு மணிக்கு மெஷின் ஓட ஆரம்பித்துவிட வேண்டும். மூன்று மணிக்குள் பஸ் ஸ்டாண்டில் தாள் இல்லையென்றால் அன்றைய உழைப்பு வீண். ஒரே அறை, நான்கு மேசை, நடுவில் ஒரு டெலிபோன். மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் அச்சுக்கோப்பவர்கள் நின்றுகொண்டு ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் செய்தியைக் கோப்பார்கள். அதற்கும் பின்னால் மெஷின். அது ஓடினால் எங்கள் மேசையில் டம்ளர் நகரும்.

எங்கள் செய்தி ஆசிரியரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர் இருந்தவரை தன் பெயர் பத்திரிகையில் வருவதை அனுமதித்ததில்லை. அந்த வெள்ளிக்கிழமை காலை அவர் பல் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தார். போகும்போது, "பன்னெண்டரைக்கு வந்துடுவேன். பெருசா ஏதாவது வந்தா எனக்காக வை" என்று சொல்லிவிட்டுப் போனார். பெருசா ஏதாவது வர வேண்டும் என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டது உண்மை. எட்டு மாதமாக நகராட்சிக் குழாயையும் ஆட்டுச் சந்தை விலையையும் எழுதிக்கொண்டிருந்தவன் நான்.

பதினொன்றே முக்கால் இருக்கும். வாணியம்பாடியிலிருந்து டிரங்க் கால். அங்கே எங்கள் நிருபர் இஸ்மாயில் பாய். அவருக்கு முழுநேர வேலை ஒரு தோல் மண்டியில் கணக்கு எழுதுவது. செய்தி கொடுப்பது பிரியத்துக்காக. லைனில் ஒரே இரைச்சல்.

"தம்பியா? எழுதிக்கோ. ஜவ்வாது மலைல லாரி உருண்டுடுச்சு. ஜமுனாமரத்தூர்லேர்ந்து ஆலங்காயம் எறங்கற வழில. இருபத்து மூணு உருப்படி போச்சு. டிரைவரையும் கிளீனரையும் நம்மூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டாராங்க. எனக்கு ஜும்மாவுக்கு நேரமாச்சு, தொழுதுட்டு வந்து..."

அவ்வளவுதான். லைன் போய்விட்டது.

நான் காகிதத்தை இழுத்து எழுதினேன். எனக்கு எழுத்து நன்றாக வந்த நாள் அது. பயணிகளை ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து இறங்கிய லாரி பள்ளத்தில் உருண்டது. இருபத்து மூன்று பேர் பலி. மலை லாரிகளில் சுமையோடு ஆட்களும் ஏறி வருவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பள்ளத்தாக்கிலிருந்து அலறல் கேட்டது என்றுகூட ஒரு வரி சேர்த்திருந்தேன். நான் கேட்டது டெலிபோன் இரைச்சல் மட்டும்.

முதலாளி என் தோளுக்குமேல் நின்று படித்தார். "போஸ்டர் அடிக்கச் சொல்லு" என்றார். மரக்கட்டை எழுத்தில் பெரிதாக அடித்து, கடைகளில் தொங்கவிடும் போஸ்டர். ஒரு கட்டு உடனே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டது. செய்தி ஆசிரியர் சொல்லிவிட்டுப் போனது எனக்கு நினைவு இருந்தது. முதலாளியே சொன்ன பிறகு நான் யாருக்காக வைப்பது என்றும் தோன்றியது.

பன்னிரண்டே கால் மணிக்கு மரத்தடுப்பைத் தாண்டி கோவிந்தன் வந்தார். அச்சுக்கோப்பவர்களில் கை வேகமானவர் அவர். தலைப்பு எப்போதும் அவருடையது. பெரிய எழுத்தில் "23 பேர்" வரை கோத்த அச்சுக் கட்டை அவர் இடது கையில் இருந்தது.

"தம்பி, இது எந்த லாரி?"

"ஜமுனாமரத்தூர்லேர்ந்து ஆலங்காயம் எறங்கற லாரிண்ணா."

"மாணிக்கம் லாரியா?"

"பேரு சொல்லலண்ணா. ஏன்?"

"என் சம்சாரம் புளி உலுக்கறதுக்கு அவங்க அம்மா வூட்டுக்குப் போயிருந்தா. பாப்பாவும் கூடப் போச்சு. இன்னிக்குக் காலைல மாணிக்கம் லாரில எறங்கிடறேன்னு சொல்லி அனுப்பினா." கையிலிருந்த கட்டையைப் பார்த்துக்கொண்டே, "அந்த வழில காலைல ஓடறது அது ஒண்ணுதான்" என்றார்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யவில்லை. வாணியம்பாடிக்கு டிரங்க் கால் போட்டேன், எக்ஸ்சேஞ்சில் காத்திருங்கள் என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு ஒன்று போட்டேன். அதற்கும் காத்திருக்கச் சொன்னார்கள். அச்சை நிறுத்தி வைக்கலாம் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. நிறுத்தினால் நான் எழுதியதில் எனக்கே சந்தேகம் என்று ஆகும். அதை முதலாளி முன்னால் ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. கோவிந்தன் கையிலிருந்த கட்டையை என் மேசைமேல் வைத்துவிட்டுப் பின்பக்கப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தார். மீதித் தலைப்பை வேறு ஒருவர் கோத்து முடித்தார்.

பன்னிரண்டரைக்கு வருவதாகச் சொன்ன செய்தி ஆசிரியர் ஒரு மணிக்குத்தான் வந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கன்னம் பூரி மாதிரி உப்பியிருந்தது, வாயில் பஞ்சு. வந்தவர் முதல் தாளை எடுத்து நின்றபடியே படித்தார். பிறகு படிக்கட்டில் இருந்த கோவிந்தனைப் பார்த்தார். யாரோ விஷயத்தைச் சொன்னார்கள். அவர் நேராக என் மேசைக்கு வந்து, பஞ்சுக்கு இடையில் கேட்டார்.

"பாய் சொன்ன வார்த்தை இன்னா?"

"இருபத்து மூணு பேரு..."

தலையை ஆட்டினார். "நீ எழுதினது இல்ல. அவரு சொன்னது."

டெலிபோனில் கேட்டதை நினைவுபடுத்திப் பார்த்தேன். "இருபத்து மூணு உருப்படி போச்சுன்னாரு."

"பேருன்னாரா?"

"இல்ல சார்."

"பயணின்னாரா?"

"இல்ல சார்."

அவர் மெஷின் அறை வாசலுக்குப் போய் வலது கையை உயர்த்தினார். அவ்வளவுதான் நடந்தது. மெஷின்காரர் சக்கரத்தை ஓட்டும் பட்டையைத் தள்ளிவிட்டார். சத்தம் மெல்ல அடங்கியது. அந்தக் கட்டடத்தில் பகல் ஒரு மணிக்கு அப்படி ஓர் அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

முதலாளி பாய்ந்து வந்தார். மற்ற பத்திரிகையில் இந்தச் செய்தி வந்துவிட்டால் நம் கதி என்ன என்று கேட்டார். செய்தி ஆசிரியர் வாயிலிருந்து பஞ்சை எடுத்துக் கைக்குட்டையில் வைத்துக்கொண்டு, வலியோடு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "செத்திருந்தா நாளைக்கும் போட்டுக்கலாம். உசுரோட இருக்கறவங்கள இன்னிக்குச் சாகடிச்சுட்டா நாளைக்கு இன்னா போடறது?"

  முதலாளி ஜேபியிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்து, "என் ஜீப்பை எடுத்துக்குங்க. கோவிந்தனைக் கூட்டினு போங்க" என்றார். கஞ்சர் என்று நாங்கள் எல்லோரும் கேலி செய்த மனிதர் அவர்.

என் செய்தி நாலு வரியாகச் சுருங்கியது. ஜவ்வாது மலையில் லாரி கவிழ்ந்தது, ஓட்டுநரும் உதவியாளரும் காயம், மேலும் விவரம் எதிர்பார்க்கப்படுகிறது. செய்தி ஆசிரியர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி என்னிடம் நீட்டினார்: போஸ்டர். நீயே போ.

ஓடினேன். பஸ் ஸ்டாண்டில் கட்டு இன்னும் பிரிக்காமல் இருந்தது, ஒரே ஒரு போஸ்டரைத் தவிர. அதை ஏஜெண்டு கடை முகப்பில் தொங்கவிட்டிருந்தார். பத்துப் பதினைந்து பேர் கூடி நின்றார்கள். நான் அதைக் கிழித்ததும், தோளில் சாக்கோடு நின்ற மலை ஆள் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எந்த ஊரு ஆளுங்க சார் செத்தது?"

"தெரியாதுங்க."

"லாரி எது? பச்சையா, செவப்பா?"

"தெரியாதுங்க."

"தெரியாமயா சார் இத்தினி பெருசா போட்டீங்க?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். இத்தனை வருடத்தில் என் எழுத்தைப் பற்றி என்னென்னவோ விமரிசனம் வந்திருக்கிறது. எதுவும் அதைப் போலச் சுட்டதில்லை.

செய்தி ஆசிரியர் என்னையும் போகச் சொன்னார், ஒன்றரைக்கு ஜீப் கிளம்பியது. கோவிந்தன் முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்தார், நான் பின்னால்.  ஆம்பூர் தாண்டியதும் தோல் பதனிடும் வாசனை வந்தது. சாலையோரம் ஒருவர் ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு போனார். எனக்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது. ஆட்டு வியாபாரிகள் ஆட்டை உருப்படி என்றுதான் எண்ணுவார்கள். சந்தை விலை எழுதுகிற எனக்கு இது தெரியாததல்ல. பாய் இருப்பதோ தோல் மண்டியில்.

அடக்க முடியாமல் முன்னால் குனிந்தேன். "அண்ணா, பாய் சொன்னது ஆடா இருக்கும்ணா. உருப்படின்னா ஆடுதானே."

கோவிந்தன் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "பன்னெண்டு மணிக்கு ஆளுன்னீங்க. ரெண்டரை மணிக்கு ஆடுங்கறீங்க. கொஞ்சம் சும்மா வாங்க தம்பி."

சும்மா வந்தேன்.

வாணியம்பாடியில் மண்டி பூட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் டிரைவருக்குக் காலில் எலும்பு முறிவு, கிளீனருக்கும் அடி, இருவருக்கும் உள்ளே வைத்துக் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், பார்க்க முடியாது என்றார்கள். டிரைவர் பெயர் மாணிக்கம். வாசலில் நின்ற ஆயாவிடம் கோவிந்தன் கேட்டார்: "லாரில வந்த மத்தவங்க எங்கம்மா?"

"இங்க ரெண்டே பேர்தான் வந்தாங்க. மத்தது எல்லாம் அங்கயேன்னு சொன்னாங்கப்பா" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அங்கேயே என்றால் என்ன என்று கேட்க எங்கள் இருவருக்கும் தைரியம் வரவில்லை. கோவிந்தன் ஜீப்பில் ஏறியபோது கம்பியைப் பிடிக்கத் தவறி முழங்காலை இடித்துக்கொண்டார். வலித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

ஆலங்காயம் தாண்டி மலை ஏற ஆரம்பித்தோம். மாசி மாத வெயிலில் காடு காய்ந்து கிடந்தது. ஒவ்வொரு வளைவிலும் கோவிந்தன் எழுந்து நின்று பார்த்தார். நாலாவதோ ஐந்தாவதோ வளைவில் ஆட்கள் தெரிந்தார்கள். சாலையோரக் கல் பெயர்ந்திருந்தது. கீழே சரிவில் ஒரு பச்சை லாரி சக்கரம் மேலே பார்க்கக் கிடந்தது. சாலையின் உள்பக்கம் கோணித் துணி போர்த்தி வரிசையாக ஏதோ கிடத்தியிருந்தார்கள். கோவிந்தன் அந்த வரிசையைப் பார்த்தார். ஜீப் நிற்பதற்கு முன்பே குதித்துவிட்டார்.

ஒரு கோணிக்கு அடியிலிருந்து கொம்பு நீட்டிக்கொண்டிருந்தது.

அந்த வரிசைக்கு அப்பால் இஸ்மாயில் பாய் தன் முதலாளியோடு நின்று ஆடுகளை எண்ணிக்கொண்டிருந்தார். தொழுகை முடிந்து நேராக இங்கே வந்திருக்கிறார். அவரைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆனால் கோவிந்தன் பாயைப் பார்க்கவில்லை. சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரிவு முழுக்கப் புளி சிதறிக் கிடந்தது. லாரியில் ஏற்றியிருந்த மூட்டைகள் வெடித்திருக்க வேண்டும். ஏழெட்டுப் பெண்கள் குனிந்து அதைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி நிமிர்ந்து, நெற்றி வியர்வையைத் துடைத்தபடி இந்தப் பக்கம் பார்த்தாள்.

"இன்னாய்யா, இந்நேரத்துல இங்க? வேலைக்குப் போவலயா?"

கோவிந்தனின் மனைவி காசியம்மா அவள்தான்.  கோவிந்தன், "பாப்பா?" என்றார்.

"அதோ மரத்தடியில தூங்குது. எழுப்பாத, இப்பதான் கண்ணசந்துச்சு."

கோவிந்தன் அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட்டார்.  அவள் கூடையை வைத்துவிட்டு மேலேறி வந்தாள். "இன்னா ஆச்சு இதுக்கு?" என்று என்னைக் கேட்டாள். நான் சொன்னேன், முழுவதும் சொன்னேன். நான்தான் எழுதினேன் என்பதையும் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அப்ப நானும் செத்ததா போட்டீங்களா?" என்றாள்.

"போட்டேங்க. அப்புறம் எடுத்துட்டோம்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மற்ற பெண்களைக் கூப்பிட்டுச் சொன்னாள். சரிவு முழுக்கச் சிரிப்பு பரவியது. இஸ்மாயில் பாய் மட்டும் சிரிக்கவில்லை. என்னைத் தனியாக அழைத்து, "நான் உருப்படின்னுதானே தம்பி சொன்னேன்?" என்று மறுபடி மறுபடி கேட்டார். ஆமாம் பாய், உருப்படி என்றுதான் சொன்னீர்கள் என்று நானும் மறுபடி மறுபடி சொன்னேன்.

நடந்ததைக் காசியம்மா சொன்னாள். லாரியில் ஆட்டோடும் புளி மூட்டையோடும் பதினான்கு பேர் மேலே உட்கார்ந்து வந்தார்கள். இந்த வளைவுக்கு முன்னால், மேட்டில், மாணிக்கம் லாரியை நிறுத்தி எல்லோரையும் இறங்கி நடக்கச் சொல்லியிருக்கிறார்.

"நான் எறங்க மாட்டேன்னு சண்டை போட்டேன். பாப்பா மடியில தூங்குது, மூட்டை கூட இருக்குது, எப்படி நடக்கறதுன்னேன். வாய்க்கு வந்தபடி பேசினேன். மனுசன் ஒரு பதில் பேசல. மேல ஏறி வந்து பாப்பாவத் தூக்கிக் கீழ நிக்கறவங்க கிட்ட குடுத்துட்டு, இப்ப எறங்கும்மான்னாரு. பிரேக்கு சரியில்லன்னு வாயத் தொறந்து சொல்லல. சொல்லியிருந்தா அந்த மேட்டுலயே அவனவன் குதிச்சு காலு கையி ஒடஞ்சிருக்கும்."

ஆட்கள் இறங்கிய பிறகு, வண்டியை முதல் கியரிலேயே மெல்ல உருட்டி அடுத்த சமதளத்தில் நிறுத்திவிடலாம் என்று அவர் நினைத்திருக்கிறார். வளைவில் கையை மீறிவிட்டது. கிளீனரைத் தள்ளிவிட்டுக் கடைசியாகத் தானும் குதித்திருக்கிறார்.

கோவிந்தன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு சரிவில் இறங்கினார். கூடையை எடுத்துப் புளி பொறுக்க ஆரம்பித்தார். நானும் பொறுக்கினேன். ஜீப் ஓட்டுநரும் வந்தார். ஒரு மணி நேரம் யாரும் செய்தியைப் பற்றிப் பேசவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு வேலையைச் செய்ததாக நினைவில்லை.

திரும்பும் வழியில், வெயில் சாயும் நேரத்தில், ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாணிக்கம் கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்தார். நாற்பது வயது இருக்கும். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"இருபத்து மூணு உருப்படி போச்சுங்க" என்றார். "வாயில்லா ஜீவன். அதுங்களையும் எறக்கியிருக்கலாம். எறக்கினா காட்டுக்குள்ள ஓடிடும்னு யோசிச்சேன். தப்பா யோசிச்சிட்டேன்."

கோவிந்தன் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டில் அருகில் நின்றார். வழியெல்லாம் என்னவோ சொல்ல யோசித்து வைத்திருந்தார் என்று நினைக்கிறேன்.  அதற்குள் மாணிக்கம் பின்னால் நின்ற காசியம்மாவை எட்டிப் பார்த்து, "ஓ, சண்டை போட்டாங்களே, அந்தம்மா வூட்டுக்காரரா நீங்க?" என்றார். காசியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. செய்தி ஆசிரியரின் கன்னம் வற்றியிருந்தது. நாங்கள் மலையேறிக்கொண்டிருந்த நேரத்திலேயே ஆஸ்பத்திரி டிரங்க் கால் கிடைத்து, யாரும் சாகவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டதாம். எங்களுக்குச் சொல்ல வழியில்லை. நான் என் ராஜினாமாக் கடிதத்தை எழுதி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் அதைப் படித்து, ஓர் ஒற்றுப்பிழையைத் திருத்தி, என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"ஆடுன்னு உங்களுக்கு அப்பவே தெரியும் இல்ல சார்?" என்று கேட்டேன்.

"சந்தேகம் இருந்துச்சு."

"கோவிந்தண்ணாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நாலு மணி நேரம் மனுசன் துடிச்சாரு."

"சந்தேகத்தை வச்சு நீ இருபத்து மூணு பேரைக் கொன்ன. அதே சந்தேகத்தை வச்சு நான் ரெண்டு பேரைப் பொழைக்க வைக்கணுமா? ஒருவேளை இல்லன்னா?" என்றார். பிறகு, "போய் எழுது. கேட்டதை மட்டும் எழுது" என்றார்.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். உங்களுக்கு வருகிற தகவலில் ஒரு வார்த்தை புரியாமல் இருக்கும். உங்கள் புத்தி உடனே அதற்கு ஓர் அர்த்தம் கொடுக்கும், அதுவும் தலைப்புக்கு ஏற்ற அர்த்தமாகப் பார்த்துக் கொடுக்கும். ஜீப்பில் நான் ஆடு என்று சொன்னது சரியாகப் போனது. ஆனால் அதையும் நான் தெரிந்து சொல்லவில்லை. கோவிந்தன் என்னை அடக்கியது நியாயம்.

அந்தச் சனிக்கிழமை நான் பன்னிரண்டு வரியில் செய்தி எழுதினேன். பிரேக் பழுதை உணர்ந்த ஓட்டுநர், பயணிகள் பதினான்கு பேரை முன்கூட்டியே இறக்கிவிட்டதால் அனைவரும் உயிர் தப்பினர். இருபத்து மூன்று ஆடுகள் இறந்தன. அலறல் எதுவும் சேர்க்கவில்லை. கோவிந்தன் வேலைக்கு வந்திருந்தார். நீங்கள் போய் ஓய்வெடுங்கள் என்று சொல்லியும் கேட்கவில்லை. இதை நான்தான் கோப்பேன் என்று காகிதத்தை வாங்கிக்கொண்டு போனார்.

பிழை பார்ப்பதற்கான அச்சுப் படி மேசைக்கு வந்தது. பொடி எழுத்துச் செய்தியின் நடுவில் ஓட்டுநர் மாணிக்கத்தின் பெயர் மட்டும் தடித்த பெரிய எழுத்தில், மந்திரி பெயருக்குப் போடுகிற எழுத்தில் நின்றது. நான் அப்படிக் குறித்துக் கொடுக்கவில்லை. எங்கள் பத்திரிகையில் அப்படி வழக்கமும் இல்லை. அந்த வரி முழுக்க இடம் கோணி அசிங்கமாக இருந்தது. பிழை திருத்துபவர் பேனாவால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுச் செய்தி ஆசிரியரிடம் காட்டினார்.

செய்தி ஆசிரியர் மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்த்தார். கோவிந்தன் முதுகைக் காட்டிக்கொண்டு அடுத்த செய்திக்கு எழுத்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார். செய்தி ஆசிரியர் பேனாவை எடுத்து அந்த வட்டத்தைக் குறுக்கே அடித்து நீக்கினார். பக்கம் அப்படியே மெஷினுக்குப் போனது.